சீட்டா, அட்டையா? ஜெர்மனியில் அகதிகளுக்கு மருத்துவம்

ஜெர்மனியில் அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவருக்குப் பல் வலி வந்தால் எங்கே போவார்? எந்த ஊரில் தங்கவைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பிரேமன் நகரம் என்றால் மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு நேரே பல் மருத்துவரிடம். பவேரியாவில் பல ஊர்களில் முதலில் சமூகநல அலுவலகத்தில் சிகிச்சைக்கான சீட்டு, அப்புறம்தான் மருத்துவர். இத்தனைக்கும் நாடு முழுக்கச் சட்டம் ஒன்றுதான்.

1993 நவம்பரில் அமலுக்கு வந்த, அகதி விண்ணப்பதாரர்களுக்கான உதவிச் சட்டம் அது. எண்பதுகளில் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர் பலர் விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமல் இருந்த காலம். அதன் 4ஆம் பிரிவு, திடீர் நோய்க்கும் வலிக்கும் சிகிச்சை உண்டு என்கிறது. பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் தடையில்லை. 'உடல்நலத்துக்கு இன்றியமையாதது' என்றால் கூடுதலாகவும் தரலாம் என்கிறது 6ஆம் பிரிவு. சரி, இன்றியமையாததா இல்லையா என்று சொல்வது யார்? சீட்டும் அட்டையும் பிரியும் இடம் இதுதான்.

சீட்டு முறையில் அந்த அதிகாரம் முதலில் அலுவலகத்துக்குப் போகிறது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு சீட்டு. மார்ச் முடிந்தால் ஏப்ரலில் மறுபடி போய் நிற்க வேண்டும். அவசரம் என்றால் சீட்டில்லாமலே பார்த்தாக வேண்டும். ஆனால் செலவுக்கு மருத்துவமனை பிறகு அலைய வேண்டியிருக்கும். பல் விஷயத்தையே பாருங்கள். வலிக்கிற பல்லைப் பிடுங்கச் சிக்கல் இல்லை. அந்த இடத்தில் செயற்கைப் பல் வைக்க, தள்ளிப்போடவே முடியாத மருத்துவக் காரணம் காட்ட வேண்டும். நீரிழிவு, மனநலம் போன்ற நாள்பட்ட தொல்லைகளுக்கோ, முடிவு பல நேரங்களில் மருத்துவம் படிக்காத ஒரு குமாஸ்தாவின் மேசையில்.

அட்டையை முதலில் கொண்டுவந்தது பிரேமன், 2005இல். 2012இல் ஹாம்பர்க், 2016இல் பெர்லின். காப்பீட்டு நிறுவனம் அட்டை கொடுக்கும். செலவை அரசு அந்த நிறுவனத்துக்குத் திருப்பிக் கட்டும். சட்டத்தின் எல்லை மாறவில்லை. சில சிகிச்சைகளுக்கு முன் அனுமதியும் இன்னும் வேண்டும். ஆனால் டாக்டரைப் பார்க்கலாமா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு இந்த ஒன்றே போதும், அட்டை பக்கம் சாய.

அட்டை கொடுத்தால் கூட்டம் வரும், செலவு ஏறும் என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான வாதம். ஹாம்பர்க் நிர்வாகமோ அலுவலக வேலை குறைந்ததில் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் யூரோ மிச்சம் என்று கணக்குக் காட்டியது. கேவான் போசோர்க்மேர், ஒலிவர் ராசூம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994 முதல் 2013 வரையிலான தரவை வைத்து 2015இல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது: சட்டத்தின் இந்தச் சிகிச்சைக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தவர்களுக்கே, மற்ற அகதிகளைவிடத் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 376 யூரோ கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. முற்றவிட்டுப் பார்க்கும் நோய்க்குச் செலவு அதிகம் என்பதில் வியக்க ஒன்றுமில்லை.

பின் ஏன் எல்லா ஊரும் அட்டைக்கு மாறவில்லை? ஈழத்தமிழர் நிறையப் பேர் வாழும் நோர்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில், 2016இல் முடிவை உள்ளாட்சிகளிடமே விட்டார்கள். சிகிச்சைச் செலவோடு 8 விழுக்காடு நிர்வாகக் கட்டணமும் உள்ளாட்சியின் தலையில். சேர்ந்தவை மிகச் சிலவே. மாநிலம் பணத்தைத் தராமல் விருப்பத்தை மட்டும் தந்தால் வேறென்ன நடக்கும்? இதில் உள்ளாட்சிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒருவர் இந்தச் சிகிச்சைக் கட்டுப்பாட்டில் இருக்கும் காலமும் அரசியலோடு சேர்ந்து மாறுகிறது. 2015இல் 15 மாதம், 2019இல் 18, 2024 பிப்ரவரி முதல் 36. காலம் நீள நீளச் சீட்டின் கேடும் கூடும். அட்டை இருக்கும் ஊரில் அந்த அடி சற்றுக் குறைவு.

ஆனால் இரண்டுமே தொடாத ஒரு கூட்டம் உண்டு: ஆவணமே இல்லாதவர்கள். குடியிருப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவின்படி சமூகநல அலுவலகம் அவர்களைப் பற்றிக் குடிவரவுத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். சீட்டுக் கேட்கப் போவதே தன்னைக் காட்டிக்கொடுப்பதுதான். இவர்களுக்காகத் துரிங்கியா மாநிலம் 2017இல் பெயரில்லாச் சீட்டைக் கொண்டுவந்தது. ஆளை அடையாளம் காட்டாமலே மருத்துவர் பார்ப்பார், செலவு பொதுநிதியில். மூன்றில் துணிச்சலானது இதுதான் என்பேன், நொய்ந்ததும் இதுதான். உரிமையாக இல்லாமல் ஒதுக்கிய நிதியில் ஓடுவதால், பணம் நின்றால் சீட்டும் நின்றுவிடும். லோயர் சாக்சனி மாநிலத்தில் 2016இல் தொடங்கிய இதேபோன்ற திட்டம், மூன்றாண்டுச் சோதனைக் காலத்தோடு முடிந்துபோனது.