பழைய சாமானில் குழந்தை அறை: எல்லாம் சரி, அந்த அலமாரி பெயின்ட்தான்!

குழந்தையின் அறையைப் பழைய சாமான்களை வைத்தே ஒப்பேற்றிவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்கள் வீட்டில் அப்படி ஒப்பேற்றிய அறையில் இருப்பவை: செகண்ட்ஹேண்டில் வாங்கிய மரப் புத்தக அலமாரி, பழைய ஜீன்ஸ் பாக்கெட்டுகளைத் தைத்த சுவர்த்தொங்கல், பென்சில் போடும் டின் டப்பாக்கள், பெட்ஷீட்டில் தைத்த திரை. அலமாரியைத் தவிர மற்றவையெல்லாம் ஒழுங்காக உழைக்கின்றன. அலமாரி மட்டும் புத்தகங்களைத் தின்கிறது.

விற்றவர் புதுசாகக் காட்ட அடித்துக் கொடுத்த அடர்நீலப் பெயின்ட்தான் காரணம். விரலால் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அட்டைப் புத்தகத்தை ஒரு வாரம் வைத்துவிட்டு இழுத்தால் ‘சர்ர்’ரென்று சத்தம் வரும். புத்தகத்தின் வழவழப்புப் படலம் தட்டில் கொஞ்சம், தட்டின் நீலம் புத்தகத்தில் கொஞ்சம். புழுக்கமான நாட்களில் இன்னும் மோசம்.

அடித்திருப்பது சுவருக்கான எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட். சுவரின் மேல் யாரும் பாரம் ஏற்றி வைப்பதில்லை என்பதால் அதன் படலம் மென்மையாக இருந்தாலும் பாதகமில்லை. தட்டில் அதே படலம் எடைக்கும் வெப்பத்துக்கும் இளகி, மேலே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வரும், அடுத்த கோட் நாலு மணி நேரத்தில் அடிக்கலாம். உள்ளே முழுதாக இறுகவோ மூன்று நாலு வாரம் வேண்டும், ஈரக்காற்றில் அதற்கும் மேல். சாதாரண எமல்ஷனில் இறுகிய பிறகும் இந்தப் பிசுபிசுப்பு முழுக்கப் போவதில்லை. அடர்நிறமென்றால் கலக்கும் நிறமியின் அளவு கூடுவதால் காய்வது இன்னும் தாமதம். போதாக்குறைக்கு மெத்தென்ற பிளாஸ்டிக் பொம்மைகள்: அவற்றை வளையச் செய்யும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து பெயின்ட்டை இளக்கும். ரப்பர் வாத்து உட்கார்ந்த இடத்தில் வாத்தின் அச்சு அப்படியே நிற்கிறது.

ஒட்டுவேலைகளுக்கு மதிப்பெண் கிடையாது. டால்கம் பவுடர் போட்டால் இரண்டு நாள் தாங்கும், குழந்தை இருமும். பளபளப்பான காலண்டர் தாள் விரித்தால் அதுவும் சேர்ந்து ஒட்டும். மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஒட்டுவது குறையும், ஆனால் மெழுகு ஏறிய பரப்பில் நாளை எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. கேக் சுடும்போது விரிக்கும் சிலிக்கோன் பூசிய தாளைத் தட்டின் அளவுக்கு வெட்டிப் போட்டால் மட்டும் கொஞ்சநாள் நிம்மதி.

நிரந்தர வழி சுரண்டுவதுதான். மென்மையான எமல்ஷனில் நேராக உப்புத்தாளைப் போட்டால் பெயின்ட் உருண்டு திரண்டு தாளை அடைத்துவிடும். முதலில் சுரண்டுதகட்டால் எடுத்துவிட்டு 120 எண் தாள், பிறகு அதைவிட நைசான 220. இங்கே ஒரு எச்சரிக்கை. அடியில் இருக்கும் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளுக்கு ஈயத்தில் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று ஓர் அளவே கிடையாது. சோதனை செய்து இல்லையென்று தெரியும்வரை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. முதலைத்தோல் மாதிரி கட்டம்கட்டமாக வெடித்த பழைய பெயின்ட் தெரிந்தால் அந்தச் சாமானைக் குழந்தை அறைக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

தேய்த்து ஈரத்துணியால் தூசி துடைத்த பின் பிடிமானத்துக்கு ஒரு கோட் பிரைமர், மேலே மரச்சாமான்களுக்கான நீர் எனாமல் (தண்ணீரில் கலக்கும், ஆனால் கெட்டியாக இறுகும் பெயின்ட்) இரண்டு மெல்லிய கோட். தடிமனாக ஒரே கோட் அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும், பழைய கதைதான். மூன்று வாரம் தட்டைக் காலியாக விடுங்கள். அதே பெயின்ட் அடித்த இரண்டு மரத்துண்டுகளை முகத்துக்கு முகம் வைத்து மேலே கனமான எதையாவது ஏற்றி ஓர் இரவு விட்டால் விஷயம் தெரிந்துவிடும். காலையில் சத்தமில்லாமல் பிரிந்தால் புத்தகம் ஏற்றலாம்.

இவ்வளவு திட்டினாலும் மரத்தைக் குறை சொல்ல முடியாது. தட்டுகள் கெட்டியான மரம், இத்தனை பாரத்துக்கும் நடுவில் தொய்யவில்லை. இதே வயசுள்ள பார்ட்டிகிள் போர்டாக (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) இருந்திருந்தால் அடி விளிம்பு தண்ணீர் பட்டு உப்பியிருக்கும், திருகும் பிடிக்காது. வாங்கும்போது சிறு துளைகளுக்குக் கீழே புது மாவுத்தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அலமாரியைச் சுவரோடு கட்டுவது. ‘எல்’ பட்டை இரண்டை மேல்சட்டத்தில் முடுக்க வேண்டும். பின்பக்க அட்டை மூன்று மில்லிமீட்டர்தான், அதில் அடித்த திருகு குழந்தை தட்டில் ஏறினால் பிய்த்துக்கொண்டு வரும்.

மற்றவை சுருக்கமாக. பாக்கெட் தொங்கலை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். குழந்தையே எடுத்து, குழந்தையே திரும்பப் போடும் ஒரே பொருள் இந்த அறையில் அதுதான். பாக்கெட்டைச் சுற்றி ஓர் அங்குலத் துணி விட்டு வெட்டித் தடித்த துணியில் தையுங்கள். மேலும் கீழும் கம்பு கோக்காவிட்டால் நடுவில் தொப்பை விழும். டின் டப்பாவின் வெட்டுவாயைக் குறடால் உள்பக்கம் மடித்து நசுக்கிவிட்டு, வெளியே சணல் கயிறு சுற்றினால் போதும். திரையின் அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு. குழந்தைக்கு எட்டும்படி இழுகயிறு எதுவும் தொங்கக் கூடாது.

நண்பருக்குப் பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் பெயின்ட் அடித்து விற்கும் அலமாரியைத் தொடாதீர்கள். நிறம் மங்கி, கீறலோடு, வெறும் மரமாகக் கிடப்பதை எடுங்கள். நான்கு சாமான்களில் மூன்று அருமை, நாலாவதின் மரமும் அருமை. இருந்தும் மொத்த அறைக்கும் ஐந்துக்கு இரண்டுதான் போடுகிறேன். சுரண்டுதகடு இன்னும் கையில் இருக்கிறது, ஒரு தட்டுதான் முடிந்திருக்கிறது.