ஆல்ப்ஸ் சொகுசு விடுதி: வால்ஸா, ஆண்டர்மாட்டா, செயின்ட் மோரிட்ஸா?

சுவிஸ் ஆல்ப்ஸில் ஸ்பாவும் உயர்தர உணவகமும் உள்ள ஐந்து நட்சத்திர விடுதி என்று தேடினால், எல்லா விடுதியும் ஒரே படத்தைத்தான் காட்டும். பின்னால் பனிமலை, நடுவில் ஆவி பறக்கும் குளம், முன்னால் பெரிய வெள்ளைத் தட்டின் ஓரத்தில் ஏதோ கொஞ்சம் பச்சை. விளம்பரத்தை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நான் வேறொரு கேள்வியை வைத்து அளக்கிறேன்: அங்கே அறை எடுத்துத் தங்குபவருக்கு மட்டும் கிடைப்பது என்ன? வெளியிலிருந்து வருபவரும் காசு கொடுத்து வாங்கக்கூடியது எது?

இந்தக் கேள்விக்கு நேர் எதிரான பதில்களைத் தரும் மூன்று விடுதிகளை எடுத்துக்கொள்கிறேன். வால்ஸ் கிராமத்தின் 7132, ஆண்டர்மாட்டின் சேடி, செயின்ட் மோரிட்ஸின் பேட்ரட்ஸ் பேலஸ். மூன்றையும் ஒரே பயணத்தில் கோத்துவிடலாம். செயின்ட் மோரிட்ஸிலிருந்து ஆல்புலா பாதையில் இறங்கி, ரைன் பள்ளத்தாக்கில் திரும்பி, இலான்ஸ், டிசென்டிஸ், ஓபரால்ப் கணவாய் (2,033 மீட்டர்) வழியாக ஆண்டர்மாட் வரை குறுகிய ரயில் பாதை போகிறது. இலான்ஸில் இறங்கினால் வால்ஸுக்கு மஞ்சள் அஞ்சல் பேருந்து, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இதே பாதையில் ஓடும் சுற்றுலா ரயிலான கிளேசியர் எக்ஸ்பிரஸ் இலான்ஸில் நிற்காது. சாதாரண வட்டார ரயிலைப் பிடிக்க வேண்டும்.

முதலில் வால்ஸ். இங்கே விடுதியைவிடக் குளியல் கூடம்தான் முக்கியம். கட்டடக் கலைஞர் பீட்டர் ஸும்தோர் வடிவமைத்த இந்தக் கூடம், தெர்மே, 1996-ல் திறந்தது. அதே பள்ளத்தாக்கில் வெட்டிய குவார்ட்சைட் கல்லைப் பலகை பலகையாக அறுத்து, சுமார் 60,000 பலகைகளை அடுக்கிக் கட்டியது. கூரையில் புல் வளர்ந்திருப்பதால் மேலே நின்று பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியாது. கட்டி முடித்து இரண்டே ஆண்டுகளில் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டார்கள். மலையிலிருந்து 30 டிகிரியில் ஊற்று வருகிறது. இதே வால்ஸ் தண்ணீரைத்தான் புட்டியில் அடைத்து நாடு முழுக்க விற்கிறார்கள்.

உள்ளே பெரிய நடுக்குளம். அதைச் சுற்றிக் கற்குகைகள் போன்ற சின்னச் சின்ன அறைகளில் தனித்தனிக் குளியல்கள். ஒன்றில் 42 டிகிரி, அடுத்ததில் 14 டிகிரி, இன்னொன்றில் பூவிதழ்கள் மிதக்கும் வெதுவெதுப்பான நீர். திறந்தவெளிக் குளம் குளிர்காலத்தில் 36 டிகிரி. தலையில் பனி விழ, கழுத்துவரை வெந்நீரில் நிற்கலாம். வெளிச்சம் கூரையின் மெல்லிய பிளவுகள் வழியாக மட்டுமே வருகிறது. கைபேசிக்கு அனுமதி இல்லை, பேச்சும் தாழ்ந்த குரலில்தான். நீர்ச்சறுக்கு, நீருக்குள் இசை, குமிழி நாற்காலி இவற்றை எதிர்பார்ப்பவர்களுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிடும். சின்னக் குழந்தைகளோடு போவதற்கான இடம் இது இல்லை.

இந்தத் தெர்மேயைக் கட்டியது ஊர்தான். நொடித்துப்போன விடுதியை 1980களில் ஊராட்சியே வாங்கிப் பிறகு இதைக் கட்டியது. 2012-ல் அதை விற்க ஊர் கூடி வாக்களித்தபோது, ஸும்தோர் பக்கம் நின்ற திட்டத்தைத் தோற்கடித்து ஒரு முதலீட்டாளருக்குக் கொடுத்தார்கள். 7132 என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. அது ஊரின் அஞ்சல் குறியீட்டு எண். வாங்கியவர் உலகப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களை அழைத்து வந்து அறைகளைச் செய்தார். 'ஹவுஸ் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ்' என்ற பக்கத்துக் கட்டடத்தில் ஸும்தோர், டடாவோ ஆண்டோ, கெங்கோ குமா, தாம் மேய்ன் நால்வரின் அறைகளும் உண்டு. ஐந்து நட்சத்திரக் கட்டடத்தைவிட இங்கே வாடகை குறைவு. என்னைக் கேட்டால் இதுவே போதும். குமாவின் மர அறை அல்லது ஸும்தோரின் அறை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசைச் சாப்பாட்டில் போடலாம்.

சரி, அறை எடுப்பவருக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? பகலில் யார் வேண்டுமானாலும் முன்பதிவு செய்து வந்து குளிக்கலாம். ஆனால் அவர்கள் போன பிறகு, சில இரவுகளில், தங்கியிருப்பவர்களுக்கு மட்டும் கூடத்தைத் திறந்து வைக்கிறார்கள். அந்த இரவுக் குளியலுக்காகத்தான் இங்கே தங்க வேண்டும். எந்தெந்த இரவு என்பதைக் கேட்ட பிறகே தேதியை முடிவு செய்யுங்கள். வசந்த காலத்தில் பராமரிப்புக்காகத் தெர்மேயைச் சில வாரம் மூடுவார்கள். அப்போது வால்ஸுக்குப் போவதில் அர்த்தமே இல்லை.

ஆண்டர்மாட் கதையே வேறு. கோட்ஹார்ட் கணவாயின் அடியில், 1,440 மீட்டர் உயரத்தில், நெடுங்காலம் ராணுவ முகாமாக இருந்த ஊர். ராணுவம் சுருங்கிய பிறகு எகிப்திய முதலீட்டாளர் சமீஹ் சாவிரிஸ் வந்தார். வெளிநாட்டவர் சுவிஸில் வீடு வாங்கத் தடை போடும் சட்டத்திலிருந்து இந்தத் திட்டத்துக்கு மட்டும் அரசு விலக்குக் கொடுத்தது. சேடி 2013 டிசம்பரில் திறந்தது. வடிவமைத்தவர் ஆசியக் கடற்கரை விடுதிகளுக்குப் பெயர்போன ஜான் மிஷெல் காதி. மர வேலைப்பாடு, இருட்டான கூடம், எங்கே திரும்பினாலும் கணப்பு அடுப்பு. பனிமலையில் பாலித்தீவைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வார்கள். கேலியில் உண்மை இருக்கிறது, ஆனால் உடம்புக்குச் சுகமான இடம்.

ஸ்பா 2,400 சதுர மீட்டர், உள்குளத்தின் நீளம் 35 மீட்டர், நிஜமாகவே நீந்தலாம். வால்ஸில் நீந்த முடியாது, மிதக்கத்தான் முடியும். மழை, மூடுபனி என்று நாள் முழுக்க அடைந்து கிடக்க நேர்ந்தால் மூன்றில் சேடிதான் சிறந்தது. அறைகளும் தாராளம். குடும்பத்தில் ஒருவர் பனிச்சறுக்குக்குப் போய், மற்றவர் புத்தகத்தோடு கணப்பருகே உட்கார நினைத்தால் இருவருக்கும் ஒத்துவரும். இங்கே ஸ்பா அநேகமாகத் தங்குபவர்களுக்கானது என்பதால், கொடுத்த வாடகைக்கு நேரடியான பலன் உண்டு.

சானா என்ற வெப்ப அறை பற்றி ஒரு வார்த்தை, மூன்றுக்கும் சேர்த்து. குளத்தில் நீச்சலுடை கட்டாயம். ஆனால் இந்த நாட்டு சானாக்களில் பல இடங்களில் ஆணும் பெண்ணும் கலந்து, உடையில்லாமல், துண்டு விரித்து உட்காருவதே வழக்கம். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள் என்பது சரிதான். நமக்குக் கூச்சமாக இருக்கும் என்பதும் சரிதான். பெண்களுக்குத் தனிப்பகுதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பேட்ரட்ஸ் பேலஸ் பழைய பணத்தின் கோட்டை. குளிர்காலச் சுற்றுலா பிறந்ததாகச் சொல்லும் கதையே இந்தக் குடும்பத்தைச் சுற்றித்தான். 1864-ல் யோஹான்னஸ் பேட்ரட் கோடையில் வந்த ஆங்கிலேயர்களிடம், 'குளிர்காலத்தில் வந்து பாருங்கள், வெயில் இல்லையென்றால் பயணச் செலவு என்னுடையது' என்று பந்தயம் கட்டினாராம். அவருடைய மகன் காஸ்பர் 1896-ல் இந்த அரண்மனையைத் திறந்தார். கீழே ஏரி, பிப்ரவரியில் உறைந்து கிடக்கும் அதன் மேலேயே குதிரைப் பந்தயம் நடக்கும். அந்தப் பந்தயம் 1907-ல் தொடங்கியது. ரயில் நிலையத்துக்கு ரோல்ஸ் ராய்ஸ் அனுப்பி அழைத்து வருவார்கள். மாலையானால் கூடத்தில் உடை விதி உண்டு, கோட்டு இல்லாமல் போய் நின்றால் சங்கடம். ஸ்பாவும் குளமும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அதற்காக யாரும் இங்கே வருவதில்லை. வருவது பார்க்கவும், பார்க்கப்படவும்.

என் அளவுகோலில் பேட்ரட்ஸ் கடைசிக்குப் போய்விடுகிறது. ஏனென்றால் அங்கே ரசிக்க வேண்டிய பெரும்பகுதியை வெளியிலிருந்து வருபவரும் வாங்கலாம். ஏரியைப் பார்த்த பெரிய கூடத்தில் மாலைத் தேநீர் குடிக்கலாம்; 1658-ல் கட்டிய பண்ணைவீடான செசா வெல்யாவில் பீட்சா சாப்பிடலாம்; பழைய உள்ளரங்க டென்னிஸ் கூடத்தில் நடக்கும் மாட்சுஹிசாவில் ஜப்பானிய உணவு சாப்பிடலாம். உச்சப் பருவத்தில் ஓர் இரவுக்கு ஆயிரம் ஃபிராங்கைத் தாண்டி வாங்கும் அறை, அதற்கு மேல் தருவது பெரும்பாலும் சேவையும் ஜன்னல் காட்சியும்தான். நூறாண்டு பழகிய சேவை என்பது சின்ன விஷயமில்லை. அதற்கு மதிப்புக் கொடுப்பவர் தாராளமாக எடுக்கட்டும்.

சாப்பாட்டுக்காக விடுதியைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. உணவகத்துக்கு மிச்செலின் வழிகாட்டி தரும் நட்சத்திரம் கட்டடத்தோடு ஒட்டியிருக்காது, சமையல்காரரோடு நடந்து போகும். வால்ஸின் சில்வர் உணவகத்தில் இரண்டு மிச்செலின் நட்சத்திரம் பெற்ற ஸ்வென் வாஸ்மர் பிறகு பாட் ராகாஸ் என்ற ஊருக்குப் போனார்; அங்கே மூன்று வாங்கினார். ஆக, போகும் மாதத்தில் அடுப்படியில் யார் இருக்கிறார் என்று பார்க்காமல் பழைய மதிப்புரையை நம்பக் கூடாது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு என் வாக்கு சேடிக்கு. அதன் முக்கிய உணவகத்தில் திறந்த சமையலறைகள், ஐரோப்பிய உணவோடு ஆசிய உணவும் உண்டு, ஆளுயரத்தைத் தாண்டிய கண்ணாடிப் பெட்டகத்தில் பாலாடைக்கட்டி மட்டுமே அடுக்கியிருக்கும். பல தட்டு விருந்து சாப்பிடுவதானால், 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லாமல் மீன் சாறு, எலும்புச் சாறு, ஜெலட்டின் எதுவும் வேண்டாம் என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். 1980களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் நிறையப் பேர் சுவிஸ் உணவகச் சமையலறைகளில்தான் வேலையைத் தொடங்கினார்கள். கொஞ்சம் காரம் கேட்டால் உள்ளே யாருக்காவது புரிந்துவிட வாய்ப்புண்டு.

ஆக, இரண்டு இரவுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இரண்டையும் வால்ஸில், ஆர்க்கிடெக்ட்ஸ் கட்டடத்தில் வைப்பேன். நாலு இரவானால் மிச்சம் இரண்டு ஆண்டர்மாட்டில். செயின்ட் மோரிட்ஸில் இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு மேற்கே போகும் ரயிலைப் பிடிக்கலாம். அதற்கும் காலம் பார்க்க வேண்டும்: பேட்ரட்ஸ் டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையும், பிறகு கோடையிலும்தான் திறந்திருக்கும். அக்டோபரில் போனால் கதவு பூட்டியிருக்கும்.