ஆத்தங்குடிக் கல்லுக்குக் கொடுத்த காசோலை

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் தளம் பெயர்ந்துவிட்டதால், அதைச் சீர்செய்துவிட்டே திரும்புவது என்று ஆறு வார விடுப்பில் பினாங்கிலிருந்து வந்தேன். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறைக்காரருக்கு முன்பணமாக 42,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தேன். நான்காம் நாள் அவரே வீட்டுக்கு வந்து, "ஆச்சி, செக்கு திரும்பிருச்சு" என்று தயங்கியபடி சொன்னார். கணக்கில் போதிய பணம் இல்லை என்று வங்கி கொடுத்த மெமோவில் இருந்தது.

பணம் இருந்தது. காசோலை எழுதுவதற்கு முதல் நாளே, முதிர்ந்த வைப்புத்தொகை 2 லட்சத்தை என் சேமிப்புக் கணக்கில் சேர்த்துவிட்டதாக வங்கிக் கிளையில் முத்திரையிட்ட சீட்டுக் கொடுத்திருந்தார்கள். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறி, அது வேறொருவர் கணக்கில் ஏறியிருந்தது. பணத்தை மாற்றிவிட்டோம், பிடித்த கட்டணத்தையும் திருப்பிவிட்டோம், அத்துடன் முடிந்தது என்றார் மேலாளர்.

அத்துடன் முடிவதில்லை. காசோலை திரும்பினால் எழுதியவர் மீது வழக்கு வரும் என்னும் 138ஆம் பிரிவு ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதே 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 31ஆம் பிரிவை எவரும் சொல்வதில்லை. வாடிக்கையாளரின் பணம் போதிய அளவு கையில் இருக்கும்போது, முறைப்படி வந்த காசோலைக்கு வங்கி பணம் கொடுத்தே ஆகவேண்டும். தவறினால், அதனால் நேர்ந்த இழப்பைக் காசோலை எழுதியவருக்கு ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அப்பிரிவு. இந்த உரிமை எழுதியவருக்கு மட்டுமே உரியது. பெற்றவர் வங்கியைக் கேட்க முடியாது. ஆகவே பட்டறைக்காரரின் பார்வையில் குற்றவாளி நான்தான்.

இங்கிலாந்தில் 1830இல் தீர்ப்பான மார்செட்டி வழக்கும் ஏறக்குறைய இதுதான்: காலையில் கட்டிய பணம் பேரேட்டில் ஏறாததால் பிற்பகலில் வந்த காசோலையைத் திருப்பினார்கள், மறுநாளே பணம் கொடுத்தும், இழப்பு நிரூபிக்கப்படாதபோதும், ஒப்பந்தம் மீறப்பட்டதற்காகப் பெயரளவிலேனும் ஈடு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. வியாபாரியின் காசோலை தவறாகத் திரும்பினால், நிரூபிக்காமலே அவர் பெயர் கெட்டதாகக் கொள்ளப்படும் என்ற விதியைப் பின்னர் 1996இல் மற்றவர்களுக்கும் அங்கே விரித்தார்கள். தொகை சிறிதாக இருந்தால் அவமானம் பெரிது என்பது என் எண்ணம். இதைக்கூடக் கொடுக்க வக்கில்லையா என்றுதானே கேட்பார்கள்? உண்டியல் என்னும் பணச்சீட்டு எழுதியே பர்மாவரை கொடுக்கல் வாங்கல் நடத்திய ஊரில், காசுக்கும் சொல் தவறாமைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்தான்.

எனவே வங்கியிடம் இரண்டு கேட்டு எழுத்தில் கொடுத்தேன். பிழை வங்கியுடையது என்று பட்டறைக்காரருக்கே ஒரு கடிதம். கல் வராமல் கொத்தனார்கள் இருவர் சும்மா இருந்த நான்கு நாளைக்கு நான் கொடுத்த கூலி. கடிதம் மூன்றாம் நாள் கிடைத்தது; அவர் அதை இருமுறை படித்துவிட்டு, மறுநாளே கண்ணாடித் தகட்டில் வண்ணம் ஊற்றத் தொடங்கினார். கூலிக்குப் பதில் இல்லை. மனுக் கொடுத்து 30 நாள் கடந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே முறையிடலாம் என்பதால், முத்திரையிட்ட சீட்டையும் மெமோவையும் பினாங்குக்கு எடுத்துவந்திருக்கிறேன். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.