மினரலா, சிந்தெற்றிக்கா? யாழ்ப்பாணத்து ஓட்டத்துக்கு எந்த ஒயில், எப்போது மாற்றுவது

கராஜில் போய் "ஒயில் மாத்தவேணும்" என்றால் உடனே வருகிற கேள்வி, "அண்ணை, சாதாரணமா, சிந்தெற்றிக்கா?" என்பதுதான். அதற்கு முதல் கேட்க வேண்டியது என்ன எஞ்சின், எவ்வளவு ஓட்டம் என்று. கொக்குவிலில் இருந்து ரவுணுக்கு நாலைந்து கிலோமீற்றர் மட்டும் ஓடுகிற டியோவுக்கும், கிழமைக்குக் கிழமை ஏ9 வீதியால் கிளிநொச்சி போய்வருகிற பல்சருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

சாதாரணம் என்று கராஜில் சொல்வது மினரல், கச்சா எண்ணெயை வழமையாகச் சுத்திகரித்து எடுப்பது. அது மலிவு, எந்தச் சந்தியிலும் கிடைக்கும், ஆனால் சூட்டில் கெதியாகக் கெட்டு எஞ்சினுக்குள் கசண்டு கட்டும். சிந்தெற்றிக் அந்தச் சூட்டைக் கூடுதல் நாள் தாங்கும். போத்தலில் சிந்தெற்றிக் என்று போட்டிருப்பதெல்லாம் ஆய்வுகூடத்தில் உண்டாக்கியது என்று நினைக்க வேண்டாம். கச்சா எண்ணெயையே ஐதரசன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் எண்ணெயையும் அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1999 இல் அமெரிக்காவில் ஒரு விளம்பரத் தகராறில் முடிவானது, அதற்குப் பிறகு கடைக்கு வருவதில் பெரும்பகுதி அந்த வகைதான். அதுவும் நல்ல ஒயில்தான், குறை சொல்ல மாட்டேன். மினரலோடு சிந்தெற்றிக்கைக் கலந்த செமி சிந்தெற்றிக் என்பதில் எத்தனை வீதம் சிந்தெற்றிக் இருக்க வேண்டும் என்று பொது விதி எதுவும் இல்லை, ஆகவே முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிள்காரர் அங்கே தேட வேண்டியது ஜாசோ (JASO) என்ற ஜப்பானியத் தர அடையாளத்தில் எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2). கார் எஞ்சினில் ஒயிலுக்கு எஞ்சின் வேலை மட்டும்தான். மோட்டார் சைக்கிளில் அதே ஒரு லீற்றர் ஒயில்தான் கிளச்சையும் நனைக்க வேண்டும், கியர்ப் பற்களுக்கு இடையிலும் நசிபட வேண்டும். காருக்கென்று செய்த மெல்லிய ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். நாலு லீற்றர் கான் லாபம் என்று அதை வாங்கி பல்சருக்கு ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கும்: ரெண்டு பேரை ஏற்றிக்கொண்டு முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கியர் இல்லாத ஸ்கூட்டிக்கு அந்தக் கவலை இல்லை, அதன் கிளச் ஒயிலுக்கு வெளியே இருப்பதால் எம்பி (MB) என்று போட்டது பொருந்தும். மினரலா சிந்தெற்றிக்கா என்பதைவிட இந்த ரெண்டெழுத்து பெரிய விஷயம்.

அடுத்த சண்டை தடிப்பு. "எங்கட வெயிலுக்குத் தடிச்ச ஒயில்தான் சரி" என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஓடுகிற எஞ்சினுக்குள் ஒயில் நூறு பாகை அளவுக்குச் சூடாகிறது, வெளியே முப்பதா முப்பத்தைந்தா என்பது அதற்குச் சின்ன வித்தியாசம். காற்றில் ஆறும் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வெயில் கொஞ்சம் பாதிக்கும், சரி, ஆனால் பஜாஜும் ஹீரோவும் தங்கள் புத்தகத்தை இந்தியாவின் வெயிலை வைத்துத்தானே எழுதியிருக்கின்றன! பல்சருக்கு 20டபிள்யூ-50 (கடைசி எண்தான் சூடான ஒயிலின் தடிப்பு) என்றும் ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30 என்றும் அவர்கள் சொல்வது எஞ்சினின் இடைவெளிகளைப் பார்த்து. டொயோட்டா அக்குவாவுக்கு 0டபிள்யூ-20 என்றிருக்க, தண்ணி மாதிரி இருக்கிறதே என்று பயந்து 20டபிள்யூ-50 ஊற்றினால் பெற்றோல்தான் கூடக் குடிக்கும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிரில் ஸ்டார்ட் பண்ணுவதற்கானது. மார்கழிப் பனியிலும் எங்களுக்கு அது பெரிதாய்த் தேவைப்படாது, புத்தகம் கேட்காமல் அதற்காக மட்டும் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

இனி எப்போது மாற்றுவது. நிறம் கறுத்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அழுக்கைத் தன்னோடு வைத்திருப்பதால்தான் ஒயில் கறுக்கிறது, அது அதன் வேலை. டியோவிலும் ஸ்ப்ளெண்டரிலும் காரில் இருப்பது போன்ற கடதாசி பில்ற்றர் கிடையாது, டியோவில் கம்பிவலை மாதிரி ஒன்றும், ஸ்ப்ளெண்டரில் அதோடு சுழற்றி அழுக்கைப் பிரிக்கும் ஒன்றும்தான், அதனால் நுண்துகளில் கனக்க ஒயிலோடேயே சுற்றும். மினரல் என்றால் 2,000 முதல் 2,500 கிலோமீற்றரில் மாற்றுங்கள் என்பேன், செமி என்றால் 3,500 வரை போகலாம். மோட்டார் சைக்கிளுக்கு முழு சிந்தெற்றிக் ஊற்றிவிட்டு 8,000 வரை இழுப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. சூட்டில் கெடாவிட்டாலும் கியர்ப் பல் அரைத்து அரைத்து அதன் தடிப்பைக் குறைத்துவிடும். விலை கூடிய ஒயிலைக் காலங்கடந்து வைத்திருப்பதைவிட, சரியான கிரேட் மினரலை நேரத்துக்கு மாற்றுவது எஞ்சினுக்கு நல்லது.

ஓட்டம் குறைந்தவர்கள் மாதக் கணக்கைப் பாருங்கள். நல்லூர், திருநெல்வேலி, ரவுண் என்று சின்னச் சின்ன ஓட்டத்தில் எஞ்சின் முழுதாய்ச் சூடாவதே இல்லை, உள்ளே சேரும் நீராவியும் எரியாத பெற்றோலும் வெளியேறாமல் ஒயிலோடு கலக்கும். டொயோட்டா ஜப்பானில் சாதாரண பெற்றோல் காருக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு, கடும் பாவனைக்கு அதில் பாதி என்கிறது. எட்டுக் கிலோமீற்றருக்கு உட்பட்ட ஓட்டமே பெரும்பாலும் என்றால் அதுவும் கடும் பாவனைதான். எங்கள் ஊர்க் கார்களில் கனக்க அந்தக் கணக்குக்குள் வரும். ஆகவே ஆறு மாதம், கிலோமீற்றர் எவ்வளவு குறைவாய் இருந்தாலும்.

செமிக்கு ஆதரவாக எனக்கு ஒரு காரணம் உண்டு. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிற நிலத்தடி நீர்தான் பெரும்பாலானவர்களுக்கு, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை எல்லாரும் பார்த்தோம். குறைய மாற்றினால் கழிவு ஒயிலும் குறையும். வீட்டில் மாற்றுபவர்கள் பழையதை வேலிக்கரையில் ஊற்றாமல் கானில் அடைத்து கராஜில் கொடுங்கள். வெறும் போத்தலிலும் ஓட்டை போட்டுவிடுங்கள், அதே போத்தலில் மட்டமானதை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

தோட்டக்காரருக்கு ஒரு விஷயம். வெங்காயத்துக்கு இறைக்கிற சின்ன வோட்டர் பம்புக்கு சிந்தெற்றிக் தேவையே இல்லை. ஹொண்டா ஜிஎக்ஸ்160 மாதிரி எஞ்சினுக்கு அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூட, 10டபிள்யூ-30 போதும்; புதிதென்றால் முதல் 20 மணித்தியாலத்தில், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கா அல்லது ஆறு மாதத்தில். மண்ணெண்ணெயில் இறைத்தால் அந்த 100 ஐ 50 ஆக்குங்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை நேரம் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழிறங்கி ஒயிலை நீர்க்கப் பண்ணிவிடும். அளவுக்கோலில் ஒயில் மட்டம் ஏறியிருந்தால் 50 மணித்தியாலம் வரையும் பார்த்திருக்காமல் அண்டைக்கே மாற்றுங்கள்.