பெயரும் மீனும் ஒத்துப்போன கடை: சங்கிலி லோச் வாங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

உடலில் சங்கிலி போன்ற கருங்கோடுகள் கொண்ட சிறு நன்னீர் மீனான சங்கிலி லோச் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு இனங்கள் விற்கப்படுவது வண்ணமீன் வணிகத்தில் நெடுநாளாக இருந்துவரும் குறை. ஒன்று, 1959-இல் மீனியலாளர் கிளாவ்செவிட்ஸ் அறிவியல் முறையில் முதலில் விவரித்த அம்பஸ்டாயா சித்திமுங்கி. மற்றொன்று, 1987-இல் கோட்டெலாட்டும் சூவும் விவரித்த அம்பஸ்டாயா நைக்ரோலினியாட்டா. இவ்விரண்டையும் தனித்தனித் தொட்டிகளில் முழு அறிவியல் பெயருடன் வைத்து விற்கும் ஒரு கடையில் அண்மையில் மீன் வாங்கினேன். அந்தக் கடையின் அக்கறை பாராட்டுக்குரியது.

வளர்ந்த மீனை மட்டும் பார்த்து இனத்தை முடிவு செய்வது கடினம் என்பதே இதில் உள்ள சிக்கல். சித்திமுங்கியின் குஞ்சுகளில், முதுகுக் கோட்டையும் பக்கவாட்டுக் கோட்டையும் இணைக்கும் குறுக்குப்பட்டைகள் தொடக்கத்திலேயே தெரிவதால், இளம் பருவத்திலேயே சங்கிலி வடிவம் வந்துவிடுகிறது. நைக்ரோலினியாட்டாவின் குஞ்சுகளிலோ தலையிலிருந்து வால்வரை நீளும் இரண்டு கருங்கோடுகள் மட்டுமே இருக்கும். குறுக்குப்பட்டைகள் மீன் வளர வளரத்தான் அவற்றுக்கிடையே உருவாகின்றன. ஆகவே முதிர்ந்த நைக்ரோலினியாட்டா ஏறக்குறைய சித்திமுங்கியைப் போலவே தோற்றமளிக்கும். இந்தக் கடையில் ஒவ்வொரு தொட்டிக்கும் அருகே அதே தொகுதி மீன்கள் குஞ்சுகளாக வந்தபோது எடுத்த பக்கவாட்டுப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அடையாளத்துக்கு இதைவிடப் பயனுள்ள சான்றை ஒரு கடை தர முடியாது என்றே கருதுகிறேன்.

பிறப்பிடத்தையும் சரியாகக் குறித்திருந்தனர். சித்திமுங்கி தாய்லாந்தின் மே குளோங் ஆற்றுப்படுகைக்குரியது. இயற்கையில் அருகிவிட்ட இனம். கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் ஹார்மோன் ஊசியின் உதவியால் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. நைக்ரோலினியாட்டா லாவோஸ், யுன்னான் பகுதிகளில் மேக்கோங் ஆற்றுத்தொகுதியில் வாழ்வது. ஆனால் பண்ணை மீனுக்கு ஆற்றின் பெயர் அடையாளமாகாது. அங்கே கோடுகளைத்தான் நம்ப வேண்டும்.

மீன்களின் உடல்நிலையில் குறை சொல்ல இடமில்லை. வயிறு ஒட்டாமல், பகலிலேயே கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. கண்ணுக்குக் கீழே மடங்கியிருக்கும் முள் வலையில் சிக்கும் என்பதை அறிந்து, வலைக்குப் பதிலாகக் குவளையில் பிடித்துத் தந்தார்கள். தனியாக ஒரு மீனை விற்க மறுத்ததும் சரியே. இவை குழுவாக வாழ்பவை.

குறைகளும் உண்டு. விலைப்பட்டியலில் இன்னும் ‘போட்டியா’ (Botia) என்ற பழைய பேரினப் பெயரே இருப்பதால், தொட்டியில் ஒரு பெயரும் ரசீதில் வேறொரு பெயருமாகப் புதியவர்கள் தடுமாறுவார்கள். தொட்டிகளின் மஞ்சள் விளக்கில் மெல்லிய குறுக்குப்பட்டைகள் மங்கித் தெரிகின்றன. வெள்ளை விளக்கு பொருத்துவது அவசியம். தொலைவிலிருந்து வாங்குவோர் குஞ்சுப் பருவப் படத்தைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் தயங்காமல் அனுப்புகிறார்கள்; ஆகவே முன்பணம் செலுத்துமுன் கேட்டுவிடுங்கள்.