சான்சிபார் கில்லி மீன் முட்டைப் பொதி: வாங்கி வளர்த்துப் பார்த்த அனுபவம்

மீனாக வாங்காமல் முட்டையாக வாங்கி வளர்க்கக்கூடிய அலங்கார மீன்கள் மிகக் குறைவு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள சான்சிபார் தீவின் மழைக்குட்டைகளில் வாழும் நோத்தோபிராங்கியஸ் குந்தேரி என்ற கில்லி மீன் அவற்றுள் ஒன்று. குட்டை வற்றும்போது தாய் தந்தை மீன்கள் மடிந்துவிடும். சேற்றில் புதைந்த முட்டைகள் மட்டும் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, அடுத்த மழையில் பொரியும். அந்தச் சேற்றுக்குப் பதிலாக ஈரமான தென்னைநார்த்துகளில் முட்டைகளை வைத்துக் கூரியரில் அனுப்பும் தனியார் வளர்ப்பாளர் ஒருவரிடம் 50 முட்டை கொண்ட பொதி ஒன்றைச் சென்ற செப்டம்பர் இறுதியில் வாங்கினேன். அந்தப் பொதியைப் பற்றியதே இந்த மதிப்புரை.

பொதி வந்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெர்மாகோல் பெட்டிக்குள் இரட்டை ஜிப் உறை; அதற்குள் உப்பும் சாயமும் போகக் கொதிக்கவைத்துப் பிழிந்த துகள். இதில் ஈரப்பதமே உயிர்நிலை. புட்டுக்கு மாவு பிசிறும் பதம் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, கையில் பிடித்தால் பிடிக்கவும் விரல் பட்டால் உதிரவும் வேண்டுமே, துகள் துல்லியமாக அந்தப் பதத்தில் இருந்தது. ஈரம் மிகுந்தால் கரு வளராமல் உறக்கத்திலேயே நின்றுவிடும், பூஞ்சையும் பிடிக்கும். குறைந்தால் முட்டை சுருங்கிவிடும். வெள்ளைத் தட்டில் பரப்பி, விளக்கொளியில் எண்ணியபோது 46 முட்டைகள் தேறின. அவற்றில் மூன்று மட்டுமே வெளுத்திருந்தன. கடுகைவிடச் சிறிய, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணிகளை நார்த்துகளில் எண்ணும்போது நான்கைந்து கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்பதால் எண்ணிக்கையை நான் குறையாகக் கொள்ளவில்லை.

என் மனக்குறை உறையின் மீது எழுதியிருந்த தேதியைப் பற்றியது. முட்டை எடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் கணக்கிட்டு, அக்டோபர் 20 அன்று நீரில் இடுக என்று எழுதியிருந்தார்கள். அன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெரும்பாலான முட்டைகள் தெளிந்த தேன்துளிபோல இருந்தனவே தவிர, கருவின் கண் ஒன்றிலும் தெரியவில்லை. இவ்வினத்தின் கரு, வளர்ச்சியின் மூன்று கட்டங்களில் தன்னை நிறுத்திக்கொண்டு உறங்க வல்லது. எந்த முட்டை எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் உறங்கும் என்பது வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்து மாறும். ஒரே தாயின் முட்டைகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. முதல் மழை ஏமாற்றிவிட்டால் எல்லாக் குஞ்சுகளும் ஒருசேர அழியாமலிருக்க இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு அது. அப்படியிருக்க, ஒரே தேதியை உறுதியாக எழுதி, முட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்ற ஒரு வரியைக்கூடச் சேர்க்காமல் விட்டது, முதன்முறை வாங்குபவர்களுக்குப் பெரும் இழப்பைத் தரக்கூடிய பிழை. நம் வயல் வாய்க்கால்களில் தலையில் வெள்ளிப் பொட்டு மின்னத் திரியும் அப்லோகைலஸ் மீனும் கில்லி வகையே என்றாலும், அதன் முட்டை நீரிலேயே இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். அதை வளர்த்துப் பழகியவர்களுக்கும் இந்தக் காத்திருப்பு புதிது.

மேலும் ஐந்து வாரம் பொறுத்தேன். நவம்பர் 24 அன்று முட்டைக்குள் சுருண்ட கருவின் இரு கண்களும், அவற்றைச் சுற்றிப் பொன்வளையமும் தெளிவாகத் தெரிந்தன. அன்று மாலையே துகளை ஓர் அகன்ற பாத்திரத்தில் கொட்டி, சற்றுக் குளிர்ந்த நீரை ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றினேன். மறுநாள் காலையில் 31 குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. நான்கு குஞ்சுகள் மிதக்க உதவும் காற்றுப்பையை நிரப்ப முடியாமல் அடியில் ஊர்ந்தன, அவை பிழைக்கவில்லை. துகளை மீண்டும் வடித்து, அதே புட்டுமாவுப் பதத்துக்கு உலர்த்தி, நான்கு வாரம் கழித்து நனைத்தபோது இன்னும் ஆறு கிடைத்தன. இரண்டாம் முறை நனைக்கலாம் என்பதையும் பொதியில் எவரும் எழுதவில்லை. பலர் முதல் முறையோடு துகளைக் குப்பையில் கொட்டியிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

முட்டையின் தரத்தை வளர்ந்த மீன்கள் மெய்ப்பித்தன. முதல் நாளிலிருந்தே புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலை உண்டு, வயிறு செம்மஞ்சளாகத் தெரியும் அளவுக்குக் கொழுத்தன. ஐந்தாம் வாரத்தில் ஆண்மீன்களின் உடலில் நீலப்பச்சையும் வாலில் செம்மையும் ஏறின. எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீர் இவற்றுக்குத் தீங்கு செய்யவில்லை. உடலில் பொன்துகள் படிந்ததுபோல் தோன்றும் ஒட்டுண்ணி நோயான வெல்வெட் இவ்வினத்தை எளிதில் தாக்கும் என்பதால் தொடக்கம் முதலே சிறிது கல்லுப்பு சேர்த்து வந்தேன்.

இருபது லிட்டர் தொட்டியில் ஓர் ஆணும் மூன்று பெண்களுமாக விட்டு, மூடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் டப்பாவில் நார்த்துகளை நிரப்பி வைத்தேன். ஆண் தன் முதுகுத்துடுப்பைப் பெண்ணின் மேல் போர்வைபோல் மடித்து, துகளோடு சேர்த்து அழுத்துகிறது. இரண்டும் ஒரு கணம் நடுங்குகின்றன. ஒரே ஒரு முட்டை விழுகிறது. பிறகு மீண்டும் முதலிலிருந்து. இதை ஒரு மாலைப்பொழுது முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டையின் தரத்துக்கும் பொதிந்த நேர்த்திக்கும் ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் தாராளமாகத் தருவேன்; வழிகாட்டுக் குறிப்புக்கு ஒன்றுக்கு மேல் தர இயலாது. பூதக்கண்ணாடியும் பொறுமையும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். உடனே தொட்டியில் மீன் நீந்த வேண்டும் என்று விரும்புவோர், நீரிலேயே இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பொரியும் நைஜீரியாவின் கார்ட்னெரி கில்லியிலிருந்து தொடங்குவது நல்லது. என் மீன்கள் இட்ட முட்டைகளின் முதல் உறை இப்போது அலமாரியில் இருக்கிறது. அதன்மேல் முட்டை எடுத்த தேதியை மட்டும் எழுதி, நனைக்கும் தேதிக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.