பகலில் ஒரு டிராகுலா, இரவில் ஒரு டிராகுலா

1930ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கலிஃபோர்னியாவிலிருந்த யுனிவர்சல் நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளத்தில், ஒரே கோட்டையையும் ஒரே மாடிப்படியையும் இரண்டு படக்குழுக்கள் பங்கிட்டுக்கொண்டன. பகலில் டாட் பிரவுனிங் ஆங்கில 'டிராகுலா'வை எடுத்தார். அவருடைய ஆட்கள் மாலையில் வீடு திரும்பியதும், ஜார்ஜ் மெல்ஃபர்டு வேறு நடிகர்களை வைத்து அதே கதையை ஸ்பானிய மொழியில் இரவு முழுவதும் எடுத்தார். பேசும்படம் வந்த புதிதில் டப்பிங் இன்னும் சரியாகக் கைகூடாததால், வெளிநாட்டுச் சந்தையை விட்டுவிட மனமில்லாத ஹாலிவுட் நிறுவனங்கள் ஒரு படத்தையே வேறு மொழியில் மறுபடியும் எடுக்கும் வழியைக் கையாண்டன. மெல்ஃபர்டுக்கு ஸ்பானியம் தெரியாது என்பதும், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர் நடிகர்களை இயக்கினார் என்பதும் இதில் ஒரு வேடிக்கை.

இரண்டும் 1931இல் வெளிவந்தன. ஸ்பானியப் படமே மேலானது என்பது பழைய திகில் படங்களில் ஊறியவர்களிடையே இன்று ஏறக்குறைய முடிந்துபோன தீர்ப்பாக இருக்கிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பகலில் எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு இரவில் வேலை தொடங்கும் வசதி மெல்ஃபர்டின் குழுவுக்கு இருந்தது. முன்னவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பதைக் கண்டு அதைத் திருத்தி எடுப்பதில் அவர்கள் ஒரு போட்டியையே நடத்தியிருக்கிறார்கள். பின்னால் டிராகுலாவின் அடிமையாகிப் பைத்தியம் பிடிக்கப்போகும் ரென்ஃபீல்டு, பாழடைந்த கோட்டைக்குள் நுழைந்து, ரத்தம் குடிக்கும் பிரபுவான டிராகுலாவை முதன்முதலாகக் காணும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பிரவுனிங் பெரும்பாலும் எட்ட நின்று பார்க்கிறார். மெல்ஃபர்டின் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் ராபின்சனின் கேமராவோ, படிகளின் மேல் மிதந்து ஏறி, கையில் மெழுகுவர்த்தியுடன் நிற்கும் பிரபுவை நோக்கிச் செல்கிறது. சவப்பெட்டியிலிருந்து எழும் காட்சியில் ஆங்கிலப் படம் கேமராவை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள, ஸ்பானியப் படம் புகையைக் கிளப்பி அதற்குள்ளிருந்து அவரை எழுப்புகிறது. கண்ணாடியில் தன் உருவம் விழவில்லை என்பது வெளிப்படும்போது, ஆங்கிலப் படத்தின் டிராகுலாவான பெலா லுகோசி அந்தக் கண்ணாடி பதித்த பெட்டியைக் கையால் தட்டிவிடுகிறார். ஸ்பானிய டிராகுலா கைத்தடியை ஓங்கி அதை அடித்து நொறுக்குகிறார். வியப்பு என்னவென்றால், பிரவுனிங்கின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராயிண்டு, ஜெர்மனியில் மௌனப்பட நாட்களில் நகரும் கேமராவுக்கே பேர்போனவர். அவர் கையிலிருந்த கேமரா, கதை லண்டன் வீட்டின் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்ததும் நாடகக் கொட்டகையில் முன்வரிசை இருக்கை பிடித்தவரைப் போல அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது.

கதையின் கோவையிலும் ஸ்பானியப் படத்துக்கே மதிப்பெண். ஆங்கிலப் படம் ஏறத்தாழ 75 நிமிடம், ஸ்பானியப் படம் 104 நிமிடம். ரத்தக்காட்டேரியாக மாறிய, நாயகியின் தோழி லூசியின் கதி என்ன என்பதை ஆங்கிலப் படம் அந்தரத்தில் விட்டுவிடுகிறது. மெல்ஃபர்டு அதற்கு முடிவு காட்டுகிறார். நாயகியாக வரும் லுபிதா தோவார், காட்டேரியின் வசப்படும்போது உடம்பிலும் பார்வையிலும் ஒரு வேட்கை ஏறுவதைத் தயங்காமல் நடித்துக் காட்டுகிறார். அவர் முன்னால் ஆங்கிலப் படத்தின் ஹெலன் சாண்ட்லர் வெளிறிப்போகிறார்.

ஆனால் 104 நிமிடங்களையும் தாங்க வேண்டியவர் டிராகுலா அல்லவா? கார்லோஸ் வில்லாரியாஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பரிதாபமே மிஞ்சுகிறது. ஸ்பானிய நடிகர்களில் அவர் ஒருவர்தான் லுகோசி நடித்த பகுதிகளைப் பார்க்க அனுமதிக்கப்பட்டார். லுகோசியைப் போலவே நடிக்க வேண்டும் என்பதே உத்தரவு. விழிகளைப் பிதுக்குகிறார், பற்களைக் காட்டுகிறார், புருவங்களை ஏற்றி இறக்குகிறார். பயம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு எட்டிப் பார்க்கிறது. பெலா லுகோசியோ 1927இலிருந்தே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் இந்த வேடத்தில் ஊறி வந்தவர். ஹங்கேரிய வாடை மாறாத ஆங்கிலத்தில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே அவர் விடும் இடைவெளியில்தான் அச்சம் குடியிருக்கிறது. இரு படங்களிலும் தலைப்பு ஓடும்போது வரும் சாய்கோவ்ஸ்கியின் 'அன்னப்பறவை ஏரி' பாலே இசையைத் தவிரப் பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. அந்த வெறுமை லுகோசிக்குத் துணை நிற்கிறது, வில்லாரியாஸைக் காட்டிக்கொடுக்கிறது. (1998இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் ஆங்கிலப் படத்துக்குப் புதிதாக இசையமைத்தார். இசை நல்ல இசைதான், ஆனால் படத்துக்கு அது வேண்டியிருக்கவில்லை என்பது என் எண்ணம்.)

ரென்ஃபீல்டு விஷயத்திலும் நான் ஆங்கிலப் படத்தின் பக்கம். பாப்லோ ஆல்வரெஸ் ரூபியோ பைத்தியத்தைக் கூச்சலாகக் காட்டுகிறார். டுவைட் ஃபிரை, கப்பலின் அடித்தளத்திலிருந்து மேலே நிமிர்ந்து பார்த்து, வாய் அதிகம் திறக்காமல் அடித்தொண்டையில் சிரிக்கும் அந்த ஒரு சிரிப்போடு போட்டியை முடித்துவிடுகிறார்.

ஸ்பானியப் படம் நமக்கு முழுதாகக் கிடைத்திருப்பதே பெரிய காரியம். அமெரிக்காவிலிருந்த மூலப் பிரதியில் மூன்றாம் ரீல் சிதைந்துபோக, கியூபாவின் திரைப்படக் காப்பகத்திலிருந்த பிரதியைக் கொண்டு அந்தப் பகுதியை நிரப்பினார்கள். பாதுகாக்க வேண்டிய படங்களைப் பட்டியலிடும் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஆங்கிலப் படம் 2000இலும் ஸ்பானியப் படம் 2015இலும் இடம்பெற்றன.

இரண்டையும் ஒரே இரவில் பார்க்க நினைப்பவர்கள், படம்பிடித்த வரிசையைத் தலைகீழாக்கி, ஸ்பானியப் படத்திலிருந்து தொடங்குவது நல்லது. லுகோசியைப் பார்த்த கண்ணோடு வில்லாரியாஸிடம் போனால் அவர் பிழைக்க மாட்டார்.